ஸ்பெயின் உள்நாட்டுச் சரளைப் பாதைகள்: பழைய ரயில் தடமா, ஆட்டு வழியா?

கரிசல்வழி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஏப்ரலில் ஸ்பெயினின் தெருவெல் மாகாணத்தில் உள்ள சாந்தா எவ்லாலியா என்னும் சிற்றூரிலிருந்து கிளம்பி, மத்தியதரைக் கடலோரத்துச் சகுந்தோ வரை மூன்று நாட்கள் மிதிவண்டியில் சென்றேன். ஓஹோஸ் நெக்ரோஸ் இரும்புச் சுரங்கத்தின் பழைய ரயில் தடமே என் பாதை. கைவிடப்பட்ட தடங்களைத் திருத்தி நடப்போருக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் திறந்துவிடும் பணியை ஸ்பானிய ரயில்வே அறக்கட்டளை 1993 முதல் செய்து வருகிறது. அவற்றை அங்கே 'வியா வெர்தே', அதாவது பசுமைவழி, என்கிறார்கள். அவற்றுள் மிக நீளமானது இதுதான்: 160 கி.மீ.க்குக் குறையாது. கடைசிச் சில கிலோமீட்டர் மட்டும் ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நடுவே வயல் சாலைகளில் போக வேண்டியிருந்தது.

இந்தத் தடம் பிறந்த கதையைச் சொல்லியாக வேண்டும். 1900களின் தொடக்கத்தில் சுரங்கத்தை நடத்திய சியர்ரா மெனேரா நிறுவனம் தன் தாதுவைக் கடலுக்குக் கொண்டுவர, அப்போது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த அரகோன் மத்திய ரயில்வேயுடன் பேச்சு நடத்தியது. கட்டணத்தில் உடன்பாடு ஏற்படவில்லை. ஆகவே அந்நிறுவனம், இருக்கிற தண்டவாளத்தை ஒட்டியே தனக்கென 204 கி.மீ. நீளத்துக்கு இன்னொரு மீட்டர் கேஜ் பாதையைப் போட்டுக்கொண்டது. 1907இல் தாது வண்டிகள் ஓடத் தொடங்கின, 1972இல் நின்றன. ஒரே பள்ளத்தாக்கில் இரண்டு ரயில் பாதைகள் என்னும் அந்த வீண்செலவின் பலனை அனுபவிப்பவர்கள் இன்று நாம். பயணிகள் ரயில் இன்னமும் பக்கத்துத் தடத்தில் ஓடுகிறது. மிதிவண்டி தாதுத் தடத்தில் ஓடுகிறது.

தெருவெல் நகரம் 915 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து எஸ்காந்தோன் கணவாய்க்கு, ஏறத்தாழ 1,220 மீட்டர் வரை, ஏற வேண்டும். தாது ஏற்றிய கூட்ஸ் வண்டிகள் ஏறிய தடம் என்பதால் சரிவு எங்குமே திடீரென்று கூடுவதில்லை; ஒரே கியரில், ஒரே மூச்சில், பேசிக்கொண்டே ஏறலாம். அதன் பிறகு சர்ரியோன் ஊரைச் சுற்றிலும் வரிசை வரிசையாகக் கருவாலி மரத் தோட்டங்கள். வேர்களில் விளையும் கறுப்பு ட்ரஃபிள் காளானுக்காக நட்டவை அவை. பர்ராகாஸ் மேட்டைத் தாண்டியதும் தடம் கீழே இறங்கத் தொடங்குகிறது. ஹெரிகா, நவாஹாஸ், செகோர்பே என்று ஊர்கள் வரவர, காற்றின் வாசனையே மாறிக் கடைசியில் ஆரஞ்சுப் பூவின் மணம் வந்து சேர்கிறது. மூன்று நாட்களிலும் எனக்குப் பின்னால் ஒரு கார்கூட ஒலி எழுப்பவில்லை. பிரேக்கை அழுத்தியதெல்லாம் ஊர்ச்சாலைகளைக் கடந்த இடங்களிலும், ஒருமுறை ஆட்டு மந்தைக்காகவும்தான்.

என் கருத்து இது: ஸ்பெயினின் உள்நாட்டில் வாகனமே இல்லாமல் சரளையில் போக விரும்புகிறவர் பழைய ரயில் தடங்களை மட்டும் நம்புவது நல்லது. மற்ற மண்பாதைகள் வரைபடத்தில் அழகாக இருக்கும். நேரில் போனால் வயலுக்குள் கரைந்துவிடும். இதை மறுப்பவர்கள் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டுகிறேன். வரும் அக்டோபரில் எட்டு நாட்கள் கிடைக்கின்றன. எங்கே செலவிடுவது என்பதை இந்த விவாதத்தைப் பார்த்து முடிவு செய்ய நினைக்கிறேன்.

மேய்ச்சல்தடம்

கரிசல்வழி அவர்களுக்கு, விரிவாக எழுதியதற்கு நன்றி. நானும் மறுக்கவே வந்திருக்கிறேன்.

ஓஹோஸ் நெக்ரோஸ் தடத்தில் நானும் இருமுறை சென்றிருக்கிறேன். அதில் வாகனம் இல்லை என்பது உண்மை. ஆனால் அதே பள்ளத்தாக்கில் முதேஹார் நெடுஞ்சாலை எனப்படும் ஏ-23 ஓடுகிறது. சில இடங்களில் லாரிகளின் இரைச்சல் காதோடு கூடவே வருகிறது. ரயில் பாதை போடுகிறவன் எளிதான வழியைத் தேடிப் போடுகிறான். நெடுஞ்சாலை போடுகிறவனும் அதே எளிதான வழியைத்தான் தேடுகிறான். ஆகவே பசுமைவழிகள் பலவற்றில் சாலை கண்ணுக்கு மறைந்தாலும் காதுக்கு மறைவதில்லை.

உண்மையான அமைதி வேண்டுமென்றால் ஆட்டு வழிகளுக்கு வாருங்கள். காஸ்தில் மன்னர் பத்தாம் அல்போன்சோ 1273இல் மெஸ்தா என்னும் மேய்ப்பர் பேரவைக்கு உரிமைகள் வழங்கினார். 1836இல் அந்தப் பேரவை ஒழிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தரை நூற்றாண்டுகளில், கோடையில் மலைக்கும் குளிர்காலத்தில் தெற்குச் சமவெளிக்கும் செம்மறிகளை ஓட்டிச் செல்ல நாடு முழுவதும் வழிகள் ஏற்பட்டன. மொத்த நீளம் ஏறத்தாழ 1,25,000 கி.மீ. என்று கணக்கிடுகிறார்கள். அவற்றுள் அகலமானதற்குக் 'கன்யாதா' என்று பெயர். பழைய அளவில் 90 வாரா, இன்றைய கணக்கில் 75 மீட்டருக்குச் சற்றே அதிகம். அடுத்தது 'கோர்தெல்', 37 மீட்டருக்கு மேல். அதற்கும் குறைந்தது 'வெரேதா', 20 மீட்டருக்கு மேல். சோரியாவில் தொடங்கி செவியாவை நோக்கிப் போகும் கிழக்குச் சோரியக் கன்யாதா மட்டும் 800 கி.மீ. அளவில் நீள்கிறது.

இங்கே மிக முக்கியமானது 1995ஆம் ஆண்டின் மூன்றாம் எண் சட்டம். ஆட்டு வழிகள் பொதுச்சொத்து, அவற்றை விற்கவோ நெடுங்கால ஆக்கிரமிப்பைக் காட்டிச் சொந்தம் கொண்டாடவோ முடியாது என்று அது சொல்கிறது. கால்நடை நடப்பதே முதல் பயன். நடைப்பயணமும், குதிரை ஏற்றமும், மோட்டார் இல்லாத வண்டியில் செல்வதும் அதற்கு இசைவான துணைப் பயன்கள் என்று அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு ஏற்றுக்கொள்கிறது. பசுமைவழியை நமக்கென்று செய்து கொடுத்திருக்கிறார்கள். ஆட்டு வழியிலோ சட்டமே நமக்கு இடம் தருகிறது.

தெருவெல் பக்கமே திரும்ப விருப்பமென்றால் அல்பர்ரசின் மலைக்குப் போய் குவாதலவியார் ஊரைப் பாருங்கள். அங்கே மந்தைப் பெயர்ச்சிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த மலை ஊர்களின் மேய்ப்பர்களில் சிலர் இன்றும் நவம்பரில் மந்தையை ஓட்டிக்கொண்டு, பல வாரங்கள் நடந்து, ஹயேன் மாகாணத்துக் குளிர்கால மேய்ச்சல் நிலங்களுக்குச் செல்கிறார்கள். 2023இல் யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றுக்கொண்ட மந்தைப் பெயர்ச்சியில் ஸ்பெயினுக்கும் பங்குண்டு. மந்தை போன பாதையில் மறுநாள் சக்கரம் உருட்டிக்கொண்டு போனபோது, மண்ணில் பதிந்திருந்த ஆயிரக்கணக்கான குளம்புகளின் தடத்தை அழித்துவிடக் கூடாதே என்று ஓரமாகவே போனேன்.

செங்குன்றி

இருவருமே தனியாக, நீண்ட தூரம் போகிறவர்கள் என்பது தெரிகிறது. நான் என் பத்து வயது மகளுடன் போனேன். அந்தப் பார்வையும் இழையில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது அந்தலூசியாவில் ஒல்வேராவிலிருந்து புவெர்த்தோ செர்ரானோ வரையிலான மலைப் பசுமைவழி. 36 கி.மீ.க்குச் சற்றே அதிகம். ஹெரெஸ் நகரை அல்மார்ஹெனுடன் இணைக்க 1920களில் கட்டத் தொடங்கிய பாதை அது. சுரங்கப்பாதைகள், பாலங்கள், நிலையக் கட்டடங்கள் எல்லாம் எழுந்த பிறகும், ஒரு ரயில்கூட ஓடாமலே திட்டம் கைவிடப்பட்டது. அந்தக் குறுகிய தூரத்தில் 30 சுரங்கப்பாதைகள், 4 பெரிய பாலங்கள். நிலையக் கட்டடங்கள் இன்று உணவகங்களாகவும் விடுதிகளாகவும் பயன்படுகின்றன. முதல் பயணி இறங்கியதே மிதிவண்டியிலிருந்துதான் என்று மகளிடம் சொன்னபோது, அன்று முழுவதும் அவள் ஒவ்வொரு நிலையத்திலும் தானே ரயிலாக நின்று புறப்பட்டாள்.

சுரங்கப்பாதைகளில் மிக நீளமானது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். நீளமானவற்றில் விளக்கு உண்டு. ஆனாலும் மிதிவண்டியில் முன்விளக்கும் பின்விளக்கும் கட்டாயம் இருக்க வேண்டும். வெளியே வெயிலில் இருந்து உள்ளே நுழைந்தவுடன் சில நொடிகள் கண் ஒன்றும் காணாது. பிள்ளைகள் பயந்து திடீரென்று நின்றுவிடுவார்கள். ஆகவே வாயிலிலேயே இறங்கி, விளக்கைப் போட்டு, கண் பழகிய பிறகு ஏறுவது என்று வழக்கம் வைத்துக்கொண்டோம்.

கோரிப்பே நிலையத்தைத் தாண்டி ஒல்வேரா பக்கம் ஸாஃப்ராமாகோன் என்னும் பெரும்பாறை நிற்கிறது. யூரேசியப் பாறுக் கழுகுகளின் பெரிய குடியிருப்பு அது. இயற்கைக் காப்பிடமாகப் பாதுகாக்கப்படுகிறது. வெயில் ஏறிக் காற்று மேலெழத் தொடங்கியதும், பாறை விளிம்பிலிருந்து ஒவ்வொன்றாகச் சிறகை விரித்துச் சாய்ந்து, பின் சிறகை அசைக்காமலே வட்டமிட்டு உயர்ந்தன. மகளும் நானும் முக்கால் மணி நேரம் வண்டியைப் படுக்க வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தோம். குழந்தையை ஒரு கணமும் கூவி அழைக்காமல், ஓரம் போ என்று சொல்லாமல், ஒரு முழு நாளைக் கழிக்க முடிந்த பாதை என் வாழ்வில் அதுதான் முதல். கரிசல்வழி அண்ணா சொல்வதையே நானும் சொல்கிறேன். ஆனால் என் காரணம் வேறு.

முள்ளும் சக்கரமும்

பாதையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் மண்ணைப் பற்றிப் பேச வேண்டும் என்று கருதுகிறேன். நான் வாலென்சியாவில் வசிக்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த உள்நாட்டுப் பாதைகளில் சென்று வருகிறேன்.

தெருவெல், சோரியா, பர்கோஸ் பகுதிகளின் மண்பாதைகளில் பெரும்பகுதி களிமண். காய்ந்திருக்கும்போது அதைவிட நல்ல தரை இல்லை; சிமெண்டுத் தளம் போல ஓடும். ஒரு மணி நேரம் மழை பெய்துவிட்டால் நிலைமை தலைகீழ். மண் டயரில் ஒட்டி, வைக்கோல் துணுக்கும் சிறு கல்லும் சேர்ந்து, சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையே அடைத்துக்கொள்ளும். தள்ளவும் முடியாது, தூக்கினால் வண்டி இருமடங்கு கனக்கும். ஒருமுறை பிடிவாதமாக மிதித்து, கியர் மாற்றும் கருவியான டெரெய்லரை முறித்துக்கொண்டேன். அடுத்த ஊர் 14 கி.மீ. செயினைக் கழற்றிவிட்டு நடந்தே போய்ச் சேர இரவாகிவிட்டது. மழை பெய்தால் அன்றைய திட்டத்தைக் கைவிட்டுப் பக்கத்துச் சிறு தார்ச்சாலைக்கு மாறுங்கள். இந்த மாகாணங்களில் அந்தச் சாலைகளிலும் மணிக்கு இரண்டு கார் வந்தால் அதிகம்.

அடுத்தது முள். 'அப்ரோஹோ' என்று அங்கே சொல்லும் செடியை முதன்முதலில் குனிந்து பார்த்தபோது எனக்கு ஊர் நினைவு வந்தது. அது நம் நெருஞ்சியேதான், அதே இனம், அதே மஞ்சள் பூ. மனிதக் காலுக்கு என்ன செய்யுமோ அதையே டயருக்கும் செய்யும். கோடையின் பிற்பகுதியிலும் இலையுதிர்காலத்திலும் பாதையோரத்தில் காய் காய்ந்து கிடக்கும்போது, டியூப் உள்ள டயரில் போனால் ஒரே நாளில் நான்கைந்து பஞ்சர் ஆகும். டியூப்லெஸ் டயரில் அடைப்புத் திரவத்தைப் புதிதாக நிரப்பிக்கொண்டு போனால், முள் குத்திய இடம் தானே மூடிக்கொள்ளும்; முள்ளை உடனே பிடுங்கிவிடாமல், சக்கரத்தைச் சுழற்றித் திரவம் அந்த இடத்துக்கு வந்த பிறகு எடுங்கள். பசுமைவழிக்கு 38 மி.மீ. அகல டயர் போதும். ஆட்டு வழிக்கு 45 மி.மீ.க்குக் குறையாமல் போடுவதே நல்லது.

அக்டோபர் என்கிறார் கரிசல்வழி. பகலில் நல்ல வெயில், இரவில் கடுங்குளிர் என்பதை மறக்க வேண்டாம். கலமோச்சா அருகில் ஃபுவென்தெஸ் க்ளாராஸ் நிலையத்தில் 1963 டிசம்பரில் உறைநிலைக்குக் கீழே 30 பாகை பதிவானது; மக்கள் வாழும் இடங்களில் ஸ்பெயினிலேயே மிகக் குளிரான மேட்டு நிலங்களுள் ஒன்று அது. அக்டோபர் இறுதி விடியலில் குடிநீர்ப் புட்டியின் வாயில் பனிக்கட்டி கட்டியதை நானே கண்டிருக்கிறேன்.

கரிசல்வழி

மூவருக்கும் நன்றி. செங்குன்றி அவர்கள் எழுதியதைப் படித்த பிறகு, நான் மூன்று நாட்களில் கடந்த தூரத்தை ஏன் ஐந்து நாட்களாக்கவில்லை என்று எனக்கு வருத்தமே உண்டாகிறது.

மேய்ச்சல்தடம் அவர்களிடம் ஒரு கேள்வி. சட்டம் இருப்பது வேறு, தடம் இருப்பது வேறு. 75 மீட்டர் அகலம் என்று ஏட்டில் இருக்கும் வழியை, இரு பக்கத்து விவசாயிகளும் ஆண்டுக்கு ஓர் உழவுச்சால் உள்ளே தள்ளி, இறுதியில் ஒற்றையடிப் பாதையாக்கிவிட்ட இடங்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். பூட்டிய கதவும் 'தனியார் வேட்டைக்காடு' என்ற பலகையும் குறுக்கே நிற்கும்போது, சட்டப்பிரிவின் எண்ணைச் சொல்லிக்கொண்டா உள்ளே போவது? வெளிநாட்டிலிருந்து வந்து, மொழியும் அரைகுறையாகத் தெரிந்த ஒருவர், இது பொதுவழி என்று எப்படி உறுதி செய்துகொள்வது?

மேய்ச்சல்தடம்

நியாயமான கேள்வி. நான் செய்வதைச் சொல்கிறேன்.

முதலில் வேட்டைக்காட்டுப் பலகையைப் பற்றி. கறுப்பும் வெள்ளையுமாகக் குறுக்கே பிரித்த சிறு தகடு அது. அந்த நிலத்தில் வேட்டையாடும் உரிமை ஒருவருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதே அதன் பொருள். அவ்வழியே போகக் கூடாது என்பதன்று. நாட்டுப்புறத்தின் பெரும்பகுதியில் அந்தத் தகட்டைக் காணலாம். ஆனால் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை, குறிப்பாக வார இறுதிகளில், பலர் சேர்ந்து காட்டுப்பன்றியை வளைத்து வேட்டையாடுவார்கள். அப்போது பாதை வாயிலில் தனியாக எச்சரிக்கைப் பலகை வைப்பார்கள். அதைக் கண்டால் எந்த உரிமையையும் எண்ணாமல் திரும்பிவிட வேண்டும். முந்தைய மாலையில் ஊர் மதுக்கடையில் கேட்டாலே நாளை எந்தப் பக்கம் வேட்டை என்று சொல்லிவிடுவார்கள்.

இனிப் பொதுவழியைக் கண்டறிவது. ஸ்பெயினின் நிலவரிப் பதிவேடான 'கதாஸ்த்ரோ' இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஒவ்வொரு நிலத்துக்கும் எண் உண்டு. பாதை, ஆறு போன்ற பொது இடங்களுக்குப் பெரும்பாலும் 9,000இல் தொடங்கும் எண்களைக் கொடுத்திருப்பார்கள். நான் போக நினைக்கும் கோட்டைத் தேசியப் புவியியல் நிறுவனத்தின் 1:25,000 வரைபடத்தில் முதலில் பார்ப்பேன். ஐயமுள்ள இடங்களை மட்டும் பதிவேட்டில் சரிபார்ப்பேன். வழி தனியார் தோட்டத்தின் எண்ணுக்குள் நுழைந்தால் அதைத் தவிர்ப்பேன். எட்டு நாள் பயணத்துக்கு இரண்டு மாலைகள் செலவாகும். அந்த இரண்டு மாலைகளும் பயணத்தின் பகுதியே என்று கொள்கிறேன்.

கதவைப் பற்றி: பூட்டாத கதவு கால்நடைக்காகப் போட்டது. திறந்து, உள்ளே போய், மூடியிருந்ததை மூடியபடியே விட வேண்டும். திறந்திருந்ததைத் திறந்தபடியே விட வேண்டும். மேய்ப்பன் எதற்காக அப்படி வைத்தான் என்று நமக்குத் தெரியாது.

உழுது குறுக்கிவிட்டார்கள் என்று நீங்கள் சொல்வது முற்றிலும் உண்மை. எனக்கும் அது தீராத மனவேதனை. ஆனால் அதற்கு மருந்து, அந்த வழியில் ஆள் நடமாட்டம் இருப்பதுதான். யாரும் போகாத வழியைத்தான் ஏர் தின்கிறது.

முள்ளும் சக்கரமும்

மந்தை நாய்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 'மஸ்தின்' எனப்படும் பெரிய காவல் நாய்கள், ஓநாயிடமிருந்து ஆடுகளைக் காக்கப் பழக்கப்பட்டவை. மந்தையோடு பிறந்து மந்தையோடு வளர்வதால், வேகமாக நெருங்கும் எதையும் பகையாகவே எடுத்துக்கொள்ளும். மந்தை கண்ணில் பட்டவுடன் இறங்கி, மிதிவண்டியை உடலுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்து, மெதுவாகப் பேசிக்கொண்டு, அகலமாகச் சுற்றிப் போங்கள். ஓடவும் கூடாது, கல்லெடுக்கவும் கூடாது. மேய்ப்பருக்கு வணக்கம் சொன்னால் அவரே குரல் கொடுத்து அழைத்துக்கொள்வார். இதுவரை என்னை எந்த நாயும் கடித்ததில்லை.

ஏரிக்கரை

இழையை முதலிலிருந்து வாசித்தேன். ஒன்று சொல்ல வேண்டும். யாரையும் குறைகூற அன்று.

'வாகனமே இல்லை' என்று நாம் மகிழ்ச்சியோடு எழுதுகிறோம். ஏன் இல்லை? தெருவெல் மாகாணத்தின் பரப்பு 14,800 சதுர கி.மீ.; மக்கள் ஏறத்தாழ 1,34,000 பேர். சதுர கிலோமீட்டருக்கு ஒன்பது பேர். 1950களிலிருந்து 1970கள் வரை வாலென்சியாவுக்கும் பார்சலோனாவுக்கும் ஸரகோசாவுக்கும் வேலை தேடிக் குடும்பம் குடும்பமாகப் போனவர்கள் திரும்பவில்லை. கரிசல்வழி சென்ற தடத்தின் இரு முனைகளையும் எண்ணிப் பாருங்கள்: மேல் முனையில் சுரங்கம் மூடியது, கீழ் முனையில் சகுந்தோவின் உருக்காலை, தொழிலாளர்கள் நீண்ட போராட்டம் நடத்தியும், 1984இல் மூடப்பட்டது. ஓர் ஊது உலை மட்டும் நினைவுச்சின்னமாக நிற்கிறது. மருத்துவம், ரயில், சாலை ஆகியவற்றைக் கேட்டு 'தெருவெலும் இருக்கிறது' என்னும் பெயரில் 1999இல் ஓர் இயக்கமே அங்கு தோன்றியது. நாம் அமைதி என்று பெயரிடுவதை அங்கே இருப்பவர்கள் இழப்பு என்று அழைக்கிறார்கள்.

நான் அந்தப் பகுதியில் ஒரு குளிர்காலம் முழுவதும் தங்கியிருந்தேன். இருபது பேர்கூட இல்லாத ஊர். வாரத்தில் சில நாள் ரொட்டி வண்டி வந்து சதுக்கத்தில் ஹாரன் அடிக்கும். பாட்டிகள் துணிப்பையோடு வெளியே வருவார்கள். அந்த ஹாரன் ஒலிக்காத நாளில் தெருவில் மனித முகமே தென்படாது. வாகனம் வருவது அங்கே தொல்லை அன்று. உயிர் இருக்கிறது என்பதற்கு அடையாளம். ஆகவே பாதையின் காலிமையைப் புகழ்ந்து எழுதும்போது, அதன் ஓரத்தில் இருப்பவர்களையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செங்குன்றி

ஏரிக்கரை அவர்கள் எழுதியது மனத்தைத் தைத்தது. எங்கள் பாதையோரத்தில் ஒரு பழைய பண்ணை வீடு கூரையிழந்து நின்றது. உள்ளே அத்திமரம் ஒன்று காய்த்துக் கிடந்தது. மகள் 'இங்கே இருந்தவர்கள் எங்கே?' என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரிந்திருக்கவில்லை.

போகிறவர்கள் செய்யக்கூடியது என்ன என்று சொன்னால் பயனாக இருக்கும்.

ஏரிக்கரை

பணத்தை ஊரில் விட்டுப் போங்கள், அதுவே பெரிது. நகரத்தில் எட்டு நாளைக்கான உணவை வாங்கி மூட்டை கட்டிக்கொண்டு ஊர்களைக் கடந்து போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். புட்டியில் நீர் பிடிப்பதைத் தவிர அந்த ஊருக்கும் அவர்களுக்கும் வேறு தொடர்பே இருக்காது.

தெருவெல் மாகாணத்தில் 'முல்திசெர்விசியோ' என்றோர் ஏற்பாடு உண்டு. தனித்தனியாகக் கடையோ உணவகமோ விடுதியோ தாக்குப்பிடிக்க முடியாத சிற்றூரில், மூன்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்து, ஊராட்சியின் கட்டடத்தில் ஒரு குடும்பத்தை நடத்தச் செய்வார்கள். அந்தக் குடும்பம் போய்விட்டால் ஊரில் காபி குடிக்கவும் இடமில்லாமல் போகும். மிதிவண்டியில் வரும் நான்கு பேர் அங்கே ஓர் இரவு தங்கி இரண்டு வேளை சாப்பிட்டால், அது அவர்களுக்குச் சிறு தொகை அன்று. முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். ஒருவருக்காக அடுப்பு மூட்டுகிற ஊர்கள் இவை. மதியம் இரண்டு மணிக்குக் கடை மூடினால் ஐந்து மணிக்கு முன் திறக்காது. வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை. அதற்கேற்பப் பகலைத் திட்டமிடுங்கள்.

தெருவெல் நகரிலேயே தொடங்கி அங்கேயே முடியும் 'மொன்தான்யாஸ் வசியாஸ்', அதாவது 'காலி மலைகள்', என்னும் மிதிவண்டிச் சுற்றுப் பாதையும் இருக்கிறது. ஏறத்தாழ 700 கி.மீ.; பெரும்பகுதி வனத்துறை மண்சாலைகள். அதை வகுத்தவர் மனிதர்கள் குறைந்த இந்த மேட்டு நிலத்துக்கு ஆட்களை வரவழைக்கவே அதை வகுத்தார் என்பதால் எனக்கு அதன் மேல் தனி மதிப்பு.

வாய்க்கால்கரை

சிறு கேள்வி. ரயிலில் மிதிவண்டியை ஏற்றலாமா? சென்ற முறை ஒரு பேருந்து நிறுவனம் என் வண்டியை ஏற்ற மறுத்து, நகரத்திலேயே ஒரு நாள் வீணானது.

முள்ளும் சக்கரமும்

ஏற்றலாம். மாகாணங்களுக்கிடையே ஓடும் சாதாரண வண்டிகளில் இடம் உண்டு. ஆனால் ஒரு வண்டியில் சில மிதிவண்டிகளுக்கே இடம் என்பதால், பயணச்சீட்டோடு சேர்த்து முன்பதிவு செய்துவிடுங்கள். அதிவேக ரயில்களில் மடித்தோ பிரித்தோ பையில் போட்டால்தான் விடுவார்கள். வாலென்சியா, தெருவெல், ஸரகோசா ஆகிய மூன்றையும் இணைக்கும் தடமே, கரிசல்வழி மேலே எழுதிய அந்த 'பக்கத்துத் தண்டவாளம்'.

கரிசல்வழி

இரண்டு வாரங்கள் இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு எழுதுகிறேன்.

என் முதல் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். ரயில் தடத்தை மட்டும் நம்ப வேண்டும் என்று நான் எழுதியது, எனக்கு ஊரைத் தெரியாததால் வந்த அச்சம். தடம் என்னை ஊர்களின் ஓரமாகவே கொண்டுபோய்விட்டது. செகோர்பேயைத் தவிர எந்த ஊரிலும் நான் ஒருமணி நேரம்கூட நிற்கவில்லை. ஆனால் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும், முதன்முறை போகிறவர்களுக்கும், பசுமைவழியே சரியானது என்பதில் எனக்கு இன்னமும் ஐயமில்லை. அந்த அளவில் செங்குன்றி அவர்களும் நானும் ஒரே பக்கம்.

அக்டோபர் திட்டம் இப்படி அமைந்திருக்கிறது. வாலென்சியாவிலிருந்து ரயிலில் தெருவெல். அங்கிருந்து மேற்கே அல்பர்ரசின், பிறகு குவாதலவியார். அருங்காட்சியகத்துக்கு அரை நாள். அதன் பின் மூன்று நாட்கள் வன மண்சாலைகளிலும், பதிவேட்டில் சரிபார்த்த ஆட்டு வழித் துண்டுகளிலும் சுற்றித் தெருவெல் திரும்புவேன். களிமண் பகுதிகள் இரண்டுக்கும் மாற்றாகத் தார்ச்சாலையைக் குறித்து வைத்திருக்கிறேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் காட்டுக்குள் போகாமல் ஊருக்கு ஊர் போகும் வழியை மட்டும் வைத்துக்கொண்டேன். டயர் 45 மி.மீ., திரவம் புதிது, விளக்கு இரண்டு. தங்குவதற்கு மூன்று ஊர்களில் முல்திசெர்விசியோவுக்குத் தொலைபேசியில் பேசிவிட்டேன். ஓர் ஊரில் எடுத்த அம்மையார், அன்று செவ்வாய்க்கிழமை, வழக்கமாக மூடும் நாள், ஆனாலும் அடுப்பை அணைக்காமல் வைத்திருப்பதாகவும், எத்தனை மணிக்கு வருவேன் என்று மட்டும் காலையில் சொல்லிவிடும்படியும் கேட்டுக்கொண்டார். ஆகவே அந்த நாளின் தூரத்தை 70 கி.மீ.யிலிருந்து 45 ஆகக் குறைத்திருக்கிறேன்.